நிறுத்த மறந்த சுரம்

காதுக்காரியின் மூன்றாவது ஆல்பம் வெளியான செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து அவள் வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று சத்தங்களுக்கு மேல் கேட்பதில்லை. நான்காவதாக வருவது எதுவானாலும், தட்டு விழுகிற சத்தமோ தும்மலோ, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். ஏற்கெனவே இருக்கும் மூன்றில் ஒன்று நின்றால்தான் அடுத்ததற்கு இடம். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி என்று மூன்றாவது மாடியில் இருந்த சாதாரண வீடு அது. வாசற்படியைத் தாண்டிப் படிக்கட்டுக்கு வந்துவிட்டால் எல்லாம் வழக்கம்போலக் கேட்கும். அதே வாரம் தண்ணீர் வரி ஏறியதால் குடியிருப்பில் எல்லோரும் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

காதுக்காரி என்பது குடியிருப்பில் அவளுக்கு வைத்த பெயர். காது மருத்துவமனை ஒன்றில் கேட்கும் திறனைச் சோதிப்பது அவள் வேலை. வருகிறவர்களைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, வெளியே உட்கார்ந்து 'பீப்' 'பீப்' என்று சத்தங்களை அனுப்புவாள். கேட்டால் அவர்கள் பொத்தானை அமுக்க வேண்டும், அவள் மேசையில் ஒரு சிறு விளக்கு எரியும். நாள் முழுக்க இதைச் செய்கிற ஒருத்தி வீட்டுக்கு வந்தும் 'பீப்' சத்தத்திலேயே பாட்டுப் போடுகிறாளே என்று வியந்தவர்கள் உண்டு. சிப்டியூன் என்று அந்த வகைக்குப் பெயர். பழைய வீடியோ கேம் கருவிகளுக்குள் இருந்த சிப் என்கிற சில்லுக்கு ஒரே நேரத்தில் நான்கு சத்தம்தான் போடத் தெரியும்: மெட்டுக்கு இரண்டு, அடியில் உறும ஒன்று, தாளத்துக்கு 'உஸ்' என்று ஓர் இரைச்சல். அந்த நாலைக் கட்டி மேய்த்துத்தான் பாட்டு உண்டாக்க வேண்டும். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு கருவி இருந்தது. இவளை யாரும் உள்ளே கூப்பிட்டு விளையாட வைக்கவில்லை, சுவர் வழியாகச் சத்தம் மட்டும் வரும். அதைக் கேட்டே ஓடுவது யார், குதிப்பது யார், செத்துப்போனது யார் என்று இவளாக ஒரு விளையாட்டை மனதுக்குள் ஆடி முடித்துவிடுவாள். அதனால் அவள் ஆல்பங்கள் எல்லாமே உலகத்தில் இல்லாத விளையாட்டுகளுக்குப் போட்ட பாட்டுகள். முதல் ஆல்பத்துக்கு 'மூன்று உயிர் மிச்சம்' என்று பெயர். இரண்டாவது 'தண்ணீருக்கடியில் ஓடுதல்'. மூன்றாவது 'கடைசிக் கதவுக்கு முன்னால்'. எந்தக் கம்பெனியும் பின்னால் இல்லை. அவளே அந்தக் கருவியில் செருகும் கேட்ரிட்ஜில் ஏற்றி, அவளே படம் ஒட்டி, அவளே தபாலில் அனுப்புவாள். மூன்றாவது ஆல்பம் நாற்பத்தோரு பேரிடம் போய்ச் சேர்ந்தது. தூர தேசத்தில் ஒருவர், கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் தன் நாய் எழுந்து நின்று ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, அவ்வளவு பிடித்துவிட்டது என்று கடிதம் எழுதினார். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள்.

அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று குறிப்பது அவர் பொறுப்பு. பணிமனை ஊழியர்களை வருடாந்திரக் காது சோதனைக்கு அனுப்பியபோதுதான் இருவரும் சந்தித்தார்கள். அவர் ஒவ்வொரு முறையும் சத்தம் முடிந்து வெகுநேரம் கழித்துப் பொத்தானை அமுக்கினார். ஆளுக்குக் காது போய்விட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். கூண்டைத் திறந்து, "சார், கேட்ட உடனே அமுக்கணும்" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேட்டுச்சான்னு உறுதி பண்ணிட்டு அமுக்கறேன்" என்றார். அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நிறுத்தாமல், கருவியில் இருந்த மிக உயர்ந்த சத்தம் வரை போனாள். முப்பது வயதைத் தாண்டிய யாருக்கும் கேட்காத ஊசி போன்ற சத்தம் அது. "இது யாருக்கும் கேக்காது சார், எனக்கே கேக்காது, சும்மா போடறேன்" என்று சொல்லித்தான் போட்டாள். நான்கு வினாடி கழித்து விளக்கு எரிந்தது. திரும்பப் போட்டாள், திரும்ப எரிந்தது. அறிக்கையில் 'கேட்கிறது. யோசிக்கிறார்' என்று எழுதினாள். பணிமனைக்கு இந்த அறிக்கை புரியாமல் விளக்கம் கேட்டு இரண்டு முறை அவரையே கடிதத்தோடு அனுப்பினார்கள். விளக்கம் போய் வந்து, கடைசியில் கல்யாணத்தில் முடிந்தது.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் அவள் நாத்தனார், டைம்கீப்பரின் அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் லைன் காலியாக இருந்தால் அவருக்குத் தாங்காது. எழுந்ததிலிருந்து பேசுவார். பேசாத நேரத்தில் ரேடியோவைப் போடுவார், பேச ஆரம்பித்ததும் அணைத்துவிடுவார். வெளியே போனாலும் வீடு சும்மா கிடக்கக் கூடாதென்று ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் போவார். தூங்கும்போது குறட்டை. ஆக, இருபத்துநாலு மணி நேரமும் அந்த வீட்டில் அவர் சார்பில் ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும். மேலே எப்போதும் சுழலும் மின்விசிறி ஒன்று, மோட்டார் ஓய்வே எடுக்காத பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று. மூன்று முடிந்தது.

முதல் மாதம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. குழாய்த் தண்ணீர் சத்தமில்லாமல் வாளியை நிரப்பி வழிந்து கூடம் வரை வந்தது. அழைப்பு மணி அடித்தவர்கள் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். கதவுக்கு வெளியே நின்று மணி அடிப்பவருக்கு உள்ளே மணி அடிக்கிற சத்தம் கேட்காதது இருக்கட்டும், உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கவில்லை. எலெக்ட்ரீஷியன் வந்து மணியைப் படிக்கட்டில் வைத்து அடித்துக் காட்டினார், நன்றாக அடித்தது. உள்ளே கொண்டுபோய் மாட்டினார், அடிக்கவில்லை. வயரிங் தப்பு என்று சொல்லி, வயரிங்கை மாற்றி, காசை வாங்கிக்கொண்டு, சரியாகிவிட்டதா என்று பார்க்காமலே கிளம்பிவிட்டார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் சுவர்ப் பூச்சில் கோளாறு என்றார். மருத்துவமனை டாக்டர், காதுக்காரி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு மாதம் லீவு போடச் சொன்னார். நாத்தனார் மட்டும் எந்தக் கோளாறும் இல்லை என்று அடித்துச் சொன்னார். அவர் பேசினால் எப்போதும் கேட்டதால் அவருக்கு அது வாஸ்தவம்தான்.

ஆறு வாரம் கழித்துக் காதுக்காரி உட்கார்ந்து எண்ணினாள். மின்விசிறியை நிறுத்தினால் கரண்டி விழுவது கேட்டது, குழாயையும் திறந்துவிட்டால் கேட்கவில்லை. கரண்ட் போன மதிய நேரங்களில் கைதட்டியும் தண்ணீர் விட்டும் பாத்திரம் உருட்டியும் பார்த்தாள். எத்தனை முறை எண்ணினாலும் மூன்று. இது தன் ஆல்பத்திலிருந்து கிளம்பிய விவகாரம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஏன் கிளம்பியது என்றுதான் தெரியவில்லை. இதை எழுதுகிறவனுக்கும் தெரியாது. ஆனால் அவளைக் குடைந்தது அது இல்லை. சில்லுக்கு நான்கு சத்தம் தெரியும், அப்படியானால் வீட்டிலும் நான்கு கேட்க வேண்டும், ஒன்று எங்கே போயிற்று? பாத்ரூமில் தேடினாள், பரணில் தேடினாள். சத்தத்தைப் பரணில் தேடுகிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது, இருந்தாலும் பெட்டிகளை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

வேறு வழியில்லாமல் பழகிக்கொண்டார்கள். காதுக்காரிக்குப் பழகுவது சுலபமாக இருந்தது. ஒரே வரிசையில் மூன்று சுரங்களை வேகவேகமாக மாற்றி நுழைத்து, மூன்றும் சேர்ந்து ஒலிக்கிற மாதிரி ஏமாற்றுவது அவள் தொழிலின் பாலபாடம். நாத்தனார் மூச்சு வாங்கும் இடைவெளியில் தன் பேச்சைத் துண்டு துண்டாக நுழைத்துவிடுவாள். "பால் வாங்க... ணும் அண்ணி... நான் வர... ஏழாகும்" என்று அவள் பேசுவது படிக்கட்டில் இருப்பவர்களுக்குத் தந்தி மாதிரி இருக்கும், வீட்டுக்குள் முழுசாகப் புரியும். டைம்கீப்பரால்தான் இது முடியவில்லை. அவர் யோசித்து முடித்து வாயைத் திறப்பதற்குள் அக்கா அடுத்த மூச்சை ஆரம்பித்திருப்பார். வாய் அசையும், சத்தம் வராது. இதில் விசேஷம் என்னவென்றால், அவருக்கே அது தெரியாது. நாம் பேசுவதில் பாதி நமக்கு எலும்பு வழியாகத்தான் கேட்கிறது என்பது காது மருத்துவமனையில் சுவரில் எழுதிப் போட்டிருக்கும் விஷயம். மண்டை ஓட்டுக்குள் அந்த வீட்டின் சட்டம் செல்லவில்லை. தான் பேசுவது அவருக்கு நன்றாகக் கேட்டது. ஆகவே மூன்று வருடமாக வீட்டில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதாகவே அவர் நினைத்தார். மற்ற இருவரும் அவர் வண்டி நேரங்களை முணுமுணுக்கிறார் என்று நினைத்தார்கள். ஏற்கெனவே பேசாத மனுஷன் இன்னும் கொஞ்சம் பேசாமல் போனதை யார் கவனிப்பார்கள்? கரண்ட் போனால் மட்டும் திடீரென்று இரண்டு வார்த்தை வரும். "புழுங்கினாத்தான் என் தம்பிக்கு வாய் தொறக்குது" என்று நாத்தனார் கேலி செய்வார். தெருவில் சேர்ந்து நடக்கும்போது பேசியிருக்கலாமே என்று கேட்கலாம். பேசியிருக்கலாம்தான். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு எட்டு நிமிஷம். அவர் ஒரு பேச்சை எடுக்க ஏழரை நிமிஷம் ஆகும்.

மூன்றாவது வருடத்தின் கடைசியில், ஐந்து மணி நேரப் பயண தூரத்தில் இருந்த மருத்துவமனைக் கிளையில் தலைமைப் பொறுப்புக்குக் காதுக்காரியைக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. தங்குவதற்கு அறை தருவார்கள், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம். நல்ல பதவி. இரண்டாம் தேதி மாலை, சாப்பிட உட்கார்ந்தபோது, அவள் கணவரைப் பார்த்துக் கேட்டாள்: "போகட்டுமாங்க? நீங்க சொல்லுங்க." கேட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவது என்று தீர்மானம் செய்திருந்தாள். அவள் மனதில் பதவி ஆசை இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஆசை, தன்னை ஒருவர் வேண்டும் என்று சொல்லிக் கேட்பது. நாத்தனார் அந்த ஊரின் எஸ்.டி.டி. கோடு எண்ணில் ஆரம்பித்து, அந்த ஊர் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ஒருத்தியின் முழங்கால் வலி வரைக்கும் போனார். அந்த வலி தீர்வதற்குள் சாப்பாடு முடிந்துவிட்டது. அவள் தட்டிலிருந்து நிமிர்ந்தபோது கணவர் கை கழுவப் போயிருந்தார்.

அவள் ஒரு வாரம் காத்திருந்தாள். பிறகு ஒப்புக்கொண்டு பதில் எழுதினாள். மூன்று வருடமாக ஒரு கேள்விக்கும் வாய் திறக்காத மனிதர், இதற்கும் திறக்கவில்லை என்றால் அவருக்குத் தான் இருப்பதும் ஒன்று, போவதும் ஒன்று என்றுதானே அர்த்தம் என்று நினைத்தாள். மனசு விட்டுப்போயிற்று. அவரும் வாட்டமாகத்தான் இருந்தார், சரியாகச் சாப்பிடவில்லை. பணிமனையில் தன் வேலைக்காலத்தில் முதல்முறையாக ஒரு வண்டியின் நேரத்தைத் தப்பாகக் குறித்து மெமோ வாங்கினார். அவள் அதற்கும் ஒரு அர்த்தம் செய்துகொண்டாள். ஒரே வீட்டில், ஒரே கூரைக்கடியில், இரண்டு பேரும் அடுத்தவர் தன்னை மதிக்கவில்லை என்று வருந்திக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். நினைத்தால் பாவமாக இருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம். மருத்துவமனையிலிருந்து புதிய கிளைக்குக் கொண்டுபோக அவளிடம் ஒரு சத்தமானியைக் கொடுத்திருந்தார்கள். சுற்றியிருக்கும் சத்தங்களை உயரம் வாரியாகத் திரையில் கோடுகளாகக் காட்டும் கருவி. பெட்டியில் வைப்பதற்கு முன் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கூடத்து மேசையில் வைத்துப் போட்டாள். ஃப்ரிட்ஜுக்கு ஒரு தடித்த கோடு. மின்விசிறிக்கு ஒரு பட்டை. நாத்தனார் தன்னோடு வேலை பார்த்த ஒருவரின் பேத்தி கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், அதற்கு நடுவில் துள்ளித் துள்ளி ஒரு கூட்டம். அவ்வளவுதான் இருக்க வேண்டும். ஆனால் திரையின் வலது ஓரத்தில், மிக உயரத்தில், மெலிசாக, அசையாமல் ஒரு கோடு நின்றது. கருவியைத் துடைத்துப் பார்த்தாள். படிக்கட்டுக்கு எடுத்துப் போனாள், கோடு மறைந்தது. உள்ளே கொண்டுவந்தாள், திரும்ப நின்றது. தன் காதுக்குக் கேட்காத அந்த உயரத்தின் எண்ணை இரண்டு முறை படித்தாள். நான்காவது சத்தம் எங்கும் தொலைந்துபோகவில்லை. மூன்று வருடமாக இந்தக் கூடத்தில்தான் ஒலித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாம் வரிசையாகப் பிடிபட்டது. பழைய வீடியோ கேம் கருவியை எடுத்து, மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டைத் திறந்தாள். இந்தப் பாட்டுகளை எழுதுவது கணக்கு எழுதுவது மாதிரி. நான்கு பத்திகள், ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாகக் கட்டங்கள், கட்டத்துக்குள் சுரத்துக்கு ஒரு எண், சத்தத்தின் வகைக்கு ஒரு எண். ஆரம்பித்த சுரம் தானாக நிற்காது, எங்கே நிற்க வேண்டுமோ அந்தக் கட்டத்தில் 'நிறுத்து' என்று ஒரு குறி போட வேண்டும். கடைசிப் பாட்டின் கடைசி வரியில், இரண்டாம் பத்தியில், வகைக்கான எண்ணை அவசரத்தில் சுரத்துக்கான இடத்தில் அடித்திருந்தாள். அந்த எண் சுரமாகும்போது அது யார் காதுக்கும் எட்டாத உச்சிக்குப் போய்விடும். கேட்காத சுரத்துக்கு யார் நிறுத்தக் குறி போடுவார்கள்? போடவில்லை. ஆல்பம் வெளியான அன்று காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்த சுரம் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருந்துவிட்டது. அந்த நாய் எதற்காக எழுந்து நின்றது என்பதும் அப்போது விளங்கியது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வாழ்க்கை முழுக்க மற்றவர் காதைச் சோதித்துச் சம்பாதிப்பவள், தன் வீட்டில் ஒரு சத்தம் குடியிருப்பது தெரியாமல் இருந்திருக்கிறாள். கட்டத்துக்குப் போய், 'நிறுத்து' குறியைப் போட விரலை வைத்தாள். சத்தமானியின் ஓரத்துக் கோடு ஒரு கணம் துடித்தது.

நிமிர்ந்தது தற்செயல்தான். எதிரே டைம்கீப்பர் நின்றார். துண்டு தோளிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. கத்துகிறார் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஒரு சத்தமும் வரவில்லை. காதுக்காரி அவர் முகத்தைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், ஃப்ரிட்ஜைப் பார்த்தாள், சத்தமானியின் ஓரத்தில் நின்ற கோட்டைப் பார்த்தாள், கடைசியாக விடாமல் பேசிக்கொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது விரலை மடிக்கவில்லை. எழுந்து ஓடி, வாசல் பக்கம் இருந்த மெயின் ஸ்விட்சைப் பிடித்து இழுத்தாள்.

"...ண்டாம்!" என்று அவர் குரல் பாதி வார்த்தையிலிருந்து ஆரம்பித்துக் கூடத்தில் வந்து விழுந்தது.

"என்னடா இது, கரண்ட் போனதும் இப்படிக் கத்தற?" என்றார் நாத்தனார்.

"அண்ணி, ஒரு நிமிஷம். என்னங்க சொன்னீங்க?"

டைம்கீப்பர் வழக்கம்போல யோசித்தார். மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. "வேண்டாம்னு சொன்னேன். அத நிறுத்தாத."

"எத?"

"அந்த சத்தத்த. மூணு வருஷமா வீட்ல இருக்கே. அன்னிக்குக் கூண்டுக்குள்ள கடைசியா ஒண்ணு போட்டியே, யாருக்கும் கேக்காதுன்னு. அதே சத்தம்தானே. எனக்குன்னு நீ வச்சது."

காதுக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்கு அது கேக்குதா?"

"கேக்காம என்ன? காலைல எந்திரிச்சதும் மொதல்ல அதத்தான் கேப்பேன். அது இருக்கான்னு பாத்துட்டுத்தான் வேலைக்குக் கெளம்புவேன்." கீழே கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நீ ஊருக்குப் போனாலும் இது இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன். போறதுக்கு முன்னாடி அதையும் எடுத்துட்டுப் போகப் பாக்கறியே."

"போகட்டுமான்னு உங்களத்தானே கேட்டேன். ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"சொன்னேனே. போகாதன்னு சொன்னேன். ரெண்டாம் தேதி, சாயங்காலம் ஏழு நாப்பதுக்கு. நீதான் காதுல போட்டுக்கல."

"இன்னொரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா?"

"போன வண்டிய மறுபடி எப்படி அனுப்பறது?" என்றார் டைம்கீப்பர். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

நாத்தனார் அப்போது ஒன்றும் பேசவில்லை. அதுவும் அந்த வீட்டின் அதிசயங்களில் சேர்க்க வேண்டியதுதான். தம்பியையும் தம்பி மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏழு நாப்பதுக்கு நான் அந்த முழங்கால் வலிய சொல்லிட்டு இருந்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காதுக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்த மனிதர் மூன்று வருடமாகத் தன்னிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். இவருக்கு எதிரில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். அந்தச் சத்தம் வெறும் கைப்பிசகு, எண் மாறிப்போய் வந்தது என்று சொல்ல வாயைத் திறந்தாள். வீட்டில் அப்போது சத்தத்துக்கு வேண்டிய மட்டும் இடம் இருந்தது, எதைச் சொன்னாலும் கேட்டிருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டாள். 'நிறுத்து' குறி போடாமலே கருவியை அணைத்து, பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். தலைமைப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் நன்றாகவே பார்த்துக்கொண்டார் என்று கேள்வி. பதவி போனதில் அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை, நான்கைந்து மாதம் இருந்தது.

அடுத்த வருடம் அவள் நான்காவது ஆல்பம் வெளியானது. அதில் எல்லாப் பாட்டுகளிலும் மூன்று பத்திகள்தான் நிரம்பியிருந்தன, நான்காவது மேலிருந்து கீழ்வரை காலி. வாங்கியவர்களில் சிலர் கேட்ரிட்ஜ் கெட்டுப்போய்விட்டதென்று திருப்பி அனுப்பினார்கள். சிலர் அந்தக் காலி இடத்தைப் பற்றி நீளமாக ஆராய்ச்சி எழுதினார்கள். அவள் எதற்கும் விளக்கம் சொல்லவில்லை. நான்கு போட்டாலும் தன் வீட்டில் மூன்றுதான் கேட்கும், கேட்காததை எதற்கு எழுதுவது என்பதுதான் காரணம். நாத்தனார் நாளுக்கு இரண்டு வேளை, அரை அரை மணி நேரம், மொட்டை மாடிக்குப் போய் அங்கே பேசிவிட்டு வரப் பழகிக்கொண்டார். மாடியில் யார் இருக்கிறார்கள் என்று அவரும் பார்ப்பதில்லை. டைம்கீப்பர் மூச்சை உள்ளே இழுத்தால், பேச்சு வரப்போகிறது என்று அர்த்தம். காதுக்காரி எங்கே இருந்தாலும் வந்து மின்விசிறியை நிறுத்துவாள். பிறகு அவர் யோசிப்பார். கோடைக்காலத்தில் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டும், யாரும் எழுந்து போகமாட்டார்கள். அந்த ஸ்விட்சை மட்டும் இதுவரை நான்கு முறை மாற்றியிருக்கிறார்கள். எலெக்ட்ரீஷியன் காரணம் கேட்பதை விட்டுவிட்டார்.

இதெல்லாம் நடந்து பதினோரு வருடம் ஆகிறது. சுரம் இன்னும் நிற்கவில்லை. டைம்கீப்பருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் வருடாந்திரச் சோதனையில் அந்த உச்சிச் சத்தத்துக்கு இப்போதும் விளக்கு எரிகிறது, ஆறு வினாடி கழித்து. அது கைப்பிசகில் வந்த சத்தம் என்ற உண்மை மட்டும் காதுக்காரிக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. சென்ற மாதம் ஒருநாள் மாலை மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது, நாத்தனார் யாருடைய நிச்சயதார்த்தத்தையோ விவரித்துக்கொண்டிருந்தார். டைம்கீப்பர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். காதுக்காரி அவர் பின்னால் வந்து நின்று, "அது உங்களுக்குன்னு வச்சது இல்லங்க. எண்ண மாத்தி அடிச்சிட்டேன். தெரியாம வந்தது" என்று முழுசாக, நிதானமாகச் சொல்லிவிட்டாள். மின்விசிறியை நிறுத்தவில்லை. அவள் எலும்புக்குள் மட்டும் அது நன்றாகக் கேட்டது. அவர் என்னவோ தோன்றித் திரும்பி, என்ன சொன்னாய் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவள் கையை நீட்டி மின்விசிறியை நிறுத்தி, அது நிற்கும்வரை காத்திருந்து, "மழை வரும்போல இருக்கு, துணிய எடுக்கணும்" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம் என்றார்.